மார்செல்லா சுட்ட இரண்டாவது மான்

என் தங்கை மார்செல்லா ஓர் இடத்தில் உட்கார்ந்து உணவருந்தி நான் பார்த்தது அரிது. தட்டைக் கையில் ஏந்தியபடி அடுப்புக்கும் சன்னலுக்கும் இடையே நடந்துகொண்டே சாப்பிட்டு முடிப்பாள். அவள் பிறந்த நாள் மருத்துவமனைச் சான்றிதழில் ஒன்றாகவும் தேவாலயப் பதிவில் அதற்கு மறுநாளாகவும் எழுதப்பட்டிருக்கிறது. இதை அவளிடம் காட்டியபோது, "நான் வந்துட்டேன் கிளெம். பாதிரியார்தான் மெதுவா வந்து சேர்ந்திருக்காரு" என்றாள்.

எங்கள் டெல்வோ குடும்பம் மெனாமினி ஆற்றின் தென்கரையில், விஸ்கான்சின் மாநிலத்தில் நான்கு தலைமுறைகளாக இருந்துவருகிறது. மார்செல்லா அங்கே பள்ளிப் பேருந்து ஓட்டினாள். நாள் முழுவதும் உட்கார்ந்து செய்யும் வேலையை அவள் எப்படித் தாங்குகிறாள் என்று ஒருமுறை கேட்டேன். "நான்தான் உக்காந்திருக்கேன், ரோடு உக்காரலையே" என்று பதில் வந்தது.

நவம்பரில் நன்றி நவிலல் விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் பக்கம் மான் வேட்டை தொடங்கும். எங்கள் குடும்பம் வேட்டையாடும் முறைக்கு நடை தெரிந்தவர்கள் வேண்டும். பாதிப் பேர் சதுப்புக்குள் வரிசையாக நடந்து மான்களைக் கலைப்பார்கள். மீதிப் பேர் மறுமுனையில் துப்பாக்கியுடன் நிற்பார்கள். மார்செல்லா நடப்பவர்களோடு கிளம்பி, நிற்கப் போகிறவர்களுக்கும் முந்தி மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்து சுடக்கூடியவள். அவளைப் போலக் குறி வைப்பவர் எங்களில் எவருமில்லை.

எங்கள் வீட்டில் தோட்டா யாருடையது என்பதும் சீட்டு யாருடையது என்பதும் தனித்தனிக் கேள்விகள். வேட்டை உரிமத்தோடு தரப்படும் சீட்டை, விழுந்த மானின் கொம்பில் கட்டவேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு மான். ஆனால் கூட்டமாக, ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும் தொலைவில் வேட்டையாடுவோர், தம்முள் எவரிடம் சீட்டு மிச்சமிருக்கிறதோ அவருக்காகச் சுடலாம் என்று தென்கரைச் சட்டம் இடம் தருகிறது. கண்புரை விழுந்த ஃபெலிக்ஸ் மாமாவின் சீட்டை ஆண்டுதோறும் மார்செல்லாவின் தோட்டாவே நிரப்பிவந்தது. அதில் ஒளிவுமறைவு கிடையாது. இரவு உணவில், பெரிய இரும்புப் பானையில் கொதித்த பூயா என்னும் கறிக்குழம்பைச் சுற்றி எல்லோரும் நிற்கையில், "சீட்டு ஃபெலிக்ஸ், தோட்டா மார்செல்லா!" என்று யாராவது உரக்கச் சொல்வார்கள். மாமா தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் வைப்பார். எங்கள் குடும்பம் பாராட்டை அப்படித்தான் சொல்லும். வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

நாற்பத்தாறாம் வயதில் அவள் மணம் செய்துகொண்டாள். மணமகன் ரெய்னோ ஹவுதலா, வடகரையைச் சேர்ந்த, மனைவியை இழந்த பட்டறைக்காரர். அவளுடைய பேருந்தின் கியர்ப்பெட்டியைப் பழுதுபார்க்க வந்த இடத்தில் பழக்கம். ஒரு மணி நேரத்துக்கு மூன்று வாக்கியம் பேசுகிறவர். பாலத்தைக் கடந்தால் அவர் வீடு; ஆனால் பாலத்தின் நடுவில் மாநிலம் மாறுகிறது, அப்பால் மிச்சிகன். வடகரைப் பள்ளியிலும் அவளுக்குப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்தது.

முதல் கோடையிலேயே அவள் வேட்டைக்கு ஆயத்தமாகத் தொடங்கினாள். புதிய முகவரிக்கு ஓட்டுநர் உரிமத்தை மாற்றினாள். இளம் வயதில் பெற்ற வேட்டைப் பாதுகாப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தாள். அது என்னிடம்தான் இருந்தது. வடகரையின் விதிப் புத்தகத்தை அடுப்பருகே வைத்துக்கொண்டு, நடந்தபடியே படித்தாள். பருவம் பதினைந்தாம் தேதி தொடங்குகிறது, அது எந்தக் கிழமையாக இருந்தாலும் சரி. எந்தச் சீட்டுக்குக் கொம்பில் எத்தனை கிளை வேண்டும், ஓரிடத்தில் எவ்வளவு இரை போடலாம், மற்றவர் கண்ணில் படுவதற்கான ஆரஞ்சு அங்கி எப்போதெல்லாம் கட்டாயம், எல்லாம் படித்தாள். தனக்குப் புதிதாக இருந்த பக்கங்கள் அனைத்தையும் அவள் படித்தாள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். தெரிந்ததுதானே என்று அவள் புரட்டிவிட்ட பக்கம் ஒன்று உண்டு.

உரிமம் வாங்கக் கடைக்குத் தனியாகப் போனாள். கடைக்காரர், "ஒத்தைச் சீட்டா, ரெட்டைச் சீட்டாம்மா? இங்க எல்லாரும் ரெட்டைதான் வாங்குறது" என்றார்.

"ஒண்ணு போதும். அதுக்கு மேல சுட்டா மத்தவங்க சீட்டு இருக்கே."

அவள் வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு வந்தாள்.

ஹவுதலா குடும்பத்தின் வேட்டை முகாம் ஆற்றிலிருந்து வடக்கே, தேவதாருக் காட்டுக்குள் இருந்தது: ஓர் அறை, ஒரு விறகடுப்பு, தனியே ஒரு நீராவிக் குளியல் குடிசை. முகாமுக்குத் தலைவர் ரெய்னோவின் அண்ணன் உர்ஹோ. எழுபதை நெருங்கியவர், இடுப்பு மூட்டு தேய்ந்து, கோலூன்றி நடந்தார். மூன்றாமவர் லெஸ்டர், அவர்களுடைய சித்தப்பா மகன், வாய் ஓயாதவர். அவர்களோடு போய்த்தான் மார்செல்லா ஒரு கொடுமையைக் கண்டுபிடித்தாள். அந்தப் பக்கத்தில் யாரும் நடப்பதில்லை. ஆளுக்கொரு பலகைக் குடில். விடியுமுன் அதற்குள் போய், எதிரே கொட்டிய இரையைப் பார்த்தபடி, இருட்டும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

பதினைந்தாம் தேதிக்கு முந்தைய மாலை, மேசையில் பேஸ்டி என்னும் இறைச்சி அடைத்த ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த உர்ஹோ அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கு உக்காரத் தெரியுமா?"

"கத்துக்குறேன்."

"கத்துக்க என்ன இருக்கு? பின்பக்கம் இருக்குல்ல, அதை வெச்சா போதும்" என்றார் லெஸ்டர். "விஸ்கான்சின் சீஸ்காரிங்களுக்கு அதுவும் சொல்லிக்கொடுக்கணுமா?"

"உங்க பேஸ்டில உப்பு போடவும்தான் யாரோ சொல்லிக்கொடுக்கணும் லெஸ்டர்" என்றாள் மார்செல்லா.

ரெய்னோ அன்றைய தம் மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் செலவிட்டார்: "அவ சொல்றது சரிதான்."

மறுநாள் விடிந்ததும் மார்செல்லாவின் குடிலுக்கு முன்னால் ஆறு கிளைக் கொம்புடன் ஒரு கிடாமான் வந்து நின்றது. ஒரே தோட்டா. தன் சீட்டைத் தானே கட்டினாள். லெஸ்டர் வந்து சுற்றிப் பார்த்து, "வந்த மொத நாளே! இது மான் இல்ல, தற்கொலை" என்று முனகினார். உர்ஹோ தோட்டா பட்ட இடத்தைக் கோலால் சுட்டி, தலையை ஒருமுறை அசைத்தார்; அவ்வளவே.

அடுத்த நாள் ரெய்னோ அவளுடைய மானை வண்டியில் ஏற்றிக் கசாப்புக் கடைக்குக் கொண்டுபோனார். அப்படியே பட்டறை வேலைக்கும் போய்விட்டார். மார்செல்லா விடுப்பில் இருந்ததால் முகாமிலேயே தங்கினாள். காலையில் எல்லோரையும் போல அவளும் துப்பாக்கியுடன் கிளம்பினாள். அவளிடம் இரட்டைச் சீட்டு இருக்கிறது என்று மற்ற இருவரும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய சீட்டு மிச்சமிருப்பதால் தான் சுடலாம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். இரு தரப்புக்கும் ஐயமே எழாததால் யாரும் யாரையும் கேட்கவில்லை.

மாலைகளில் உர்ஹோ வெறுங்கையோடு திரும்புவதை அவள் கவனித்தாள். அங்கியைக் கழற்றுமுன் மேல்பையைத் தொட்டு, சீட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். அது இருப்பதில் அவருக்கு மகிழ்ச்சி இல்லை. பல பருவங்களாக அவர் ஒரு கிடாமானும் சுடவில்லை என்றும், துப்பாக்கியை உயர்த்துகையில் கை நடுங்குகிறது என்றும் லெஸ்டர் குளியல் குடிசைக்கு விறகு சுமந்தபோது அவளிடம் சொன்னார். "அவர் முன்னாடி சொல்லிடாத. கோலாலயே அடிப்பாரு."

மூன்றாம் நாள் நண்பகலில் குடிலுக்குள் அவளால் இருக்க முடியவில்லை. முழங்கால்கள் தாமாகவே ஆடின. எழுந்தாள், பலகையில் தலை இடித்தது, வெளியே வந்தாள். பனி மெல்லியதாகப் படிந்திருந்தது. ஓடையோரமாகத் தேவதாருக்கள் அடர்ந்த மேட்டுக்கு நடந்தாள். அங்கிருந்து உர்ஹோவின் குடிலின் பின்புறம் தெரிந்தது. அப்போது ஓடையின் மறுகரையில், உர்ஹோவின் சன்னலுக்கு எட்டாத பள்ளத்தில், எட்டுக் கிளைக் கொம்புடன் ஒரு மான் தலை தாழ்த்தி வந்துகொண்டிருந்தது.

பின்னால் அவள் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன். "சுடறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிச்சேன் கிளெம். இங்கேருந்து கத்தினா உர்ஹோவுக்குக் கேக்குமான்னு. கேக்கும்னு தோணிச்சு. அப்புறம்தான் சுட்டேன்." தென்கரைச் சட்டத்தை வடகரையில் நின்று அவ்வளவு கவனமாகக் கடைப்பிடித்திருக்கிறாள்.

மான் ஓடைக்குள் முன்னங்கால் வைத்து விழுந்தது. அவள் உர்ஹோவின் குடிலுக்கு ஓடிக் கதவைத் தட்டினாள்.

"உர்ஹோ! சீட்டை எடுங்க! உங்க மான் விழுந்துடுச்சு!"

"என் மானா?" கதவு பாதி திறந்தது. "நான் சுடவே இல்லையே."

"நான் சுட்டேன். உங்களுக்காக. எட்டுக் கிளை, வந்து பாருங்க!"

உர்ஹோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு எதுக்கு? உன் ரெண்டாவது சீட்டைக் கட்டு."

"எங்கிட்ட ஏது ரெண்டாவது? ஒண்ணுதான் வாங்கினேன். அதை மொத நாளே கட்டிட்டேனே."

அவர் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார். "பொண்ணே, என்ன காரியம் பண்ணிட்ட. இங்க சுட்டவங்க சீட்டைத்தான் கட்டணும். அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி, பக்கத்துல நின்னாலும் சரி. உனக்கு இந்த மானைச் சுட உரிமையே இல்ல. துப்பாக்கி எடுத்துக்கிட்டு வந்ததே தப்பு."

"சும்மா மிரட்டாதீங்க."

"நான் சும்மா பேசி நீ பாத்திருக்கியா?"

பிடிபட்டால் அபராதத்தோடு போகாது, பல ஆண்டுகளுக்கு உரிமம் பறிபோகும் என்று உர்ஹோ சொன்னார். இரு மாநிலங்களும் இதில் கைகோத்திருப்பதால், இங்கே பறிபோனது அங்கேயும் பறிபோகும். அண்ணன் தம்பிகளோடு சதுப்பில் நடக்கவும் முடியாது.

இதற்குள் சத்தம் கேட்டு லெஸ்டர் வந்துவிட்டார். செய்தியைக் கேட்டு முதலில் விசில் அடித்தார். பிறகு தோளைக் குலுக்கினார். "இதுக்கா இவ்வளவு மூஞ்சி? உர்ஹோ சீட்டைக் கட்டு, முடிஞ்சுது. மான் எழுந்து வந்து சாட்சி சொல்லப்போகுதா?"

மூவரும் ஓடைக்குப் போனார்கள். மானைக் கரைக்கு இழுத்தார்கள். மார்செல்லா அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பனியில் ஒரு வட்டத் தடமே விழுந்துவிட்டது. உர்ஹோ கோலை ஊன்றி நின்று யோசித்தார். பிறகு, அவள் சற்றும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். மேல்பையிலிருந்து தம் சீட்டை எடுத்தார்.

"லெஸ்டர், கயிறு கொடு."

"உர்ஹோ…"

"இது நம்ம முகாமுக்குள்ள. ரெய்னோகிட்ட மட்டும் சொன்னா போதும். நீ எனக்காகத்தான் சுட்ட. எனக்காக யாரும் இப்படி ஒண்ணு செஞ்சதில்ல." இதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, மானின் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள்களாக அவள் வேண்டிக் காத்திருந்தது அதுதான்: அந்த முகாமில் அவளும் ஒருத்தி என்னும் சொல். அது இப்போது ஒரு முடிச்சு தொலைவில் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

"ராத்திரி சாப்பிடும்போது என்ன சொல்வீங்க?" என்று கேட்டாள்.

"என்னத்தை?"

"இதைச் சுட்டது யாருன்னு."

லெஸ்டர் குறுக்கிட்டார். "உர்ஹோ சுட்டாருன்னு சொல்வோம். ஊர்ல கேட்டாலும் அதான். இனிமே ஆயுசுக்கும் அதான்."

"எங்க வீட்டுல மத்தவங்க சீட்டுக்கு எத்தனையோ சுட்டிருக்கேன்" என்றாள் மார்செல்லா. "ஒண்ணையாவது மறைச்சதில்ல. சத்தமா சொல்லுவோம். இதைக் கட்டினா, நான் வாயை மூடணும். நீங்க சுடாத மானைச் சுட்டேன்னு நீங்க பொய் சொல்லணும். எனக்குக் கொஞ்ச நேரம் உக்காரவே வராது, இது எப்படி வரும்?"

"அப்ப என்ன பண்ணப்போற?"

"வனவிலங்கு அதிகாரியைக் கூப்பிடுறேன்."

லெஸ்டருக்கு அப்போதுதான் நிறம் மாறியது. இரைக்கு ஒரு வாளி அளவே போடலாம் என்பது விதி. லெஸ்டரின் குடிலுக்கு முன்னால் அவர் ஒரு வண்டிநிறையச் சர்க்கரைப் பீட்ரூட்டைக் கொட்டிவைத்திருந்தார்.

"உனக்குப் பைத்தியமா? அந்த ஆள் வந்தா காடு முழுக்க நடப்பான்! என் பீட்ரூட்!"

"அதான் முன்னாடியே சொல்றேன். மேட்டுல ஏறினாத்தான் போன் எடுக்கும். நான் மெதுவா நடக்குறேன்."

"நீ மெதுவா நடந்தது எந்தக் காலத்துல?" என்று கத்திக்கொண்டே லெஸ்டர் மண்வெட்டியைத் தேடி ஓடினார்.

உர்ஹோ இன்னும் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் குரல் உயரவில்லை. "நான் யாருக்கும் இதை நீட்டினதில்ல. நீ தட்டிவிடுற. அதை நினைப்பு வெச்சுக்க."

மார்செல்லா மேட்டில் ஏறினாள். ஏறும்போது இருமுறை நின்றதாக என்னிடம் ஒப்புக்கொண்டாள். எங்களை நினைத்துக்கொண்டாளாம், சதுப்பு, பானை, தொப்பியைக் கழற்றும் ஃபெலிக்ஸ் மாமா. திரும்பிப் போய்விடலாம் என்றும் தோன்றியதாம். நிற்க முடியாதவள் என்பதால் மேலே போய்விட்டேன் என்று அவள் சொல்கிறாள். அவ்வளவுதான் காரணம் என்று நான் நம்பவில்லை.

வனவிலங்கு அதிகாரி வருவதற்கு மாலையாகிவிட்டது. மெலிந்த இளைஞர், அவள் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டார். "ஆத்துக்கு அந்தப் பக்கம் இது சட்டப்படி சரிதான், தெரியும். ஆனா நீங்க இந்தப் பக்கம் நிக்கிறீங்களே, மேடம்" என்றார். பிறகு காட்டுக்குள் நடந்தார். வியர்வை வழிய, இன்னும் பாதிக் குவியல் மிச்சமிருக்க, பீட்ரூட்டை வண்டிக்குள் வாரிக்கொண்டிருந்த லெஸ்டரைக் கண்டார்.

"அறுவடையா சார்?"

"மாடு வாங்கலாம்னு இருக்கேன்" என்றார் லெஸ்டர்.

அவருக்கும் அபராதம் விதிக்கப்பட்டது. மானை அதிகாரி எடுத்துச் சென்று ஏழைகளுக்கான உணவுக் கூடத்துக்குக் கொடுத்தார். மார்செல்லாவின் வழக்கு குளிர்காலத்தில் மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தது. அவளே முன்வந்து சொன்னதைக் கணக்கில் கொள்வதாக நீதிபதி கூறி அபராதத்தைக் குறைத்தார். உரிமப் பறிப்பைக் குறைக்க அவருக்குச் சட்டத்தில் இடமில்லை. அன்று மாலை அவள் தொலைபேசியில் என்னை அழைத்தாள். பின்னால் அவளுடைய காலடி ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. "போச்சு கிளெம். ஆத்துக்கு ரெண்டு பக்கமும் போச்சு."

லெஸ்டர் கோடைவரை அவளோடு பேசவில்லை. பிறகு பேசாமலிருக்க அவரால் முடியவில்லை. உர்ஹோ பேசவே இல்லை. ரெய்னோ வீட்டுக்கு அண்ணன் வந்தால் வண்டியை விட்டு இறங்காமல், சன்னல் வழியே பேசிவிட்டுப் போய்விடுவார். ரெய்னோவிடம் அவள், "நான் செஞ்சது தப்பா?" என்று ஒருமுறை கேட்டாள். அவர், "சுட்டது தப்பு. சொன்னது சரி" என்றார். அன்றைக்கு அவர் வேறு ஒன்றும் பேசவில்லை.

அடுத்த நவம்பர் வந்தது. பதினைந்தாம் தேதி, வேட்டைக்காகவே, அந்தப் பக்கத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை. ஓட்டுவதற்குப் பேருந்தும் இல்லை. ரெய்னோ முகாமுக்குப் போயிருந்தார். விடியலில் தொலைவிலிருந்து முதல் வெடியோசைகள் கேட்டபோது மார்செல்லா சமையலறையில் நின்றாள். முற்றத்துக்குப் போனாள், திரும்பி வந்தாள். மதியத்துக்குள் சுத்தமாக இருந்த அலமாரிகளை எல்லாம் மறுபடி சுத்தம் செய்தாள். பாலம்வரை நடந்துபோய், தாண்டாமல் திரும்பினாள்.

அந்தப் பருவம் முடிவதற்குள் ஒரு பிற்பகல் வாசலில் ஹாரன் ஒலித்தது. உர்ஹோவின் வண்டி. அவர் இறங்கவில்லை; கட்டைவிரலால் பின்பக்கத்தைக் காட்டினார். அவள் காலுறையோடு பனியில் இறங்கி ஓடினாள். வண்டியின் திறந்த தளத்தில் நான்கு கிளைக் கொம்புடன் ஒரு சிறிய கிடாமான் கிடந்தது. கொம்பில் அவருடைய சீட்டு.

"நான் சுட்டது" என்றார் உர்ஹோ, முன்கண்ணாடியைப் பார்த்தபடி. ஓராண்டில் அவளிடம் அவர் பேசிய முதல் சொற்கள் அவை.

மார்செல்லா விலாவைத் தடவித் தோட்டா பட்ட இடத்தைக் கண்டுபிடித்தாள். "கொஞ்சம் பின்னால பட்டிருக்கு."

"உன்னை யாரு கேட்டா?"

"இது எவ்வளவு தூரம் ஓடிச்சு?"

உர்ஹோ சன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினார். பிறகு, "ரொம்ப தூரம்" என்றார். "லெஸ்டரைத் தேடவிட்டேன். அவன் கால் உன் கால் மாதிரியா?"

வண்டியைக் கிளப்பினார். அவள் பக்கவாட்டில் கூடவே நடந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, கை எங்கே நடுங்கியது, துப்பாக்கியை எதன்மீது தாங்கினார் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தெருமுனைவரை அவர் வேகத்தைக் கூட்டவில்லை.